முப்பத்தோராம் இதழ்

தென்னூர், திருச்சி
5 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ஆனந்தவள்ளி மேடம் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்த நம் வாசகர் கூட்டத்துக்குப் பிறகு நீங்கள் என் போனை எடுப்பதில்லை. வாட்ஸப்பில் உங்கள் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம் ஒன்றுதான் தெரிகிறது. "பிளாக் பண்ணிட்டாங்க" என்று என் மனைவி ஜென்சி விளக்கம் சொன்னாள். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

விஷயம் இரண்டு. ஒன்று, என்னிடம் நீங்கள் மார்ச்சில் வாங்கிப் போன மேஜர் இடும்பன் பதினேழாம் இதழ். எனக்கு அது இந்த மாதம் வேண்டும். பிளாஸ்டிக் உறையோடு வேண்டும்.

இரண்டு, கூட்டத்தில் நடந்தது. நான் சொன்ன விதம் சரியில்லை என்று ஜென்சி சொல்கிறாள். விதத்தை விட்டுவிடுங்கள், விவரம் சரி. 1987இலிருந்து மாதம் ஒன்றாக நம் திருச்சியிலேயே அச்சாகி வந்த பாக்கெட் நாவல் வரிசை அது. எண்கள் அறுபது. அதில் ஐம்பத்தொன்பது என்னிடம் உண்டு. முப்பத்தொன்று மட்டும் இல்லை. காரணம், அது வெளிவரவே இல்லை. முப்பதாம் இதழின் பின்னட்டையில் 'அடுத்து: பாலைவனப் புலி' என்று விளம்பரம் இருக்கிறது. பாலைவனப் புலி முப்பத்திரண்டு என்ற எண்ணோடு வந்தது. அச்சகத்தில் யாரோ எண்ணைத் தாண்டிவிட்டார்கள். பன்னிரண்டு வருடமாகப் பழைய புத்தகக் கடை, சலூன், லாட்ஜ், ரயில்வே குடியிருப்பு என்று அலைந்து சேர்த்த தகவல் இது. என் விவரப் பட்டியல் நூலிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். முந்நூறு பிரதி பைண்டாகி வீட்டுக்கு வந்துவிட்டது.

நீங்கள் எழுந்து நின்று, "முப்பத்தொண்ணு நான் படிச்சிருக்கேன்" என்றால் நான் வேறென்ன சொல்ல முடியும்?

பதினேழை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தைரியராஜ்

*

மண்ணச்சநல்லூர்
10 ஜூன் 2025

தைரியராஜ் சாருக்கு,

பதினேழு இத்துடன் வருகிறது. உறையைக் கழற்றித்தான் படித்தேன். கையில் மை வாசம் ஏறாமல் சாகச நாவல் படிப்பதற்குப் பதில், சர்க்கரைப் பொங்கலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

வேறென்ன சொல்ல முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். அன்று என்ன சொன்னீர்கள் என்று மறந்திருப்பீர்கள், நான் எழுதுகிறேன். "ரசம் வச்ச பாத்திரத்துல பாயசம் வச்ச மாதிரி, பொம்பளைங்க படிச்சது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்." பதினான்கு பேர் சிரித்தார்கள். அதில் மூன்று பேர் தினமும் என் மில் அரிசியைத்தான் சாப்பிடுகிறார்கள்.

அந்த ஹாலில் நான் ஒருத்திதான் பெண். "நீங்க எப்படிம்மா இதெல்லாம்?" என்று முதல் கூட்டத்திலேயே கேட்டார்கள். இருபத்திரண்டு பேர் வேலை செய்யும் அரிசி மில்லை என் கணவர் போன பிறகு பதினோரு வருடமாக நடத்துகிறேன். காலை ஐந்து மணிக்கு பாய்லர் நின்றால் யாரைக் கேட்டு யார் முடிவெடுப்பது? மேஜர் இடும்பன் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அது எனக்குப் பிடிக்கும். இதில் ஆம்பளை, பொம்பளை எங்கே வந்தது?

இனி விவரம். முப்பத்தொன்றின் பெயர் 'சுறாத் துறைமுகம்'. 1989. நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் கடைத்தெருவில் சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கியது. அட்டையில் நீலக் கடல், அதில் சுறாவின் ஒற்றைத் துடுப்பு, வேறொன்றும் இல்லை. கதையில் கப்பலின் பாய்லர் அறையில் நீராவிக் குழாய் வெடிக்கிறது. மேஜர் இடது கையால் அதை அழுத்தி மூடுகிறான். கை வெந்துபோகிறது. பாய்லர் பக்கத்தில் வளர்ந்தவள் நான். படித்தபோது என் கையே எரிந்தது.

உங்களுக்கு ஆதாரம் வேண்டும். பாலைவனப் புலியில் பதினான்காம் பக்கத்தை எடுங்கள். மேஜரின் இடது கையில் கட்டு போட்டிருக்கிறது. எப்படி வந்தது என்று ஒரு வரி கிடையாது. முப்பதாம் இதழில் அதே இடது கையால்தான் ஹெலிகாப்டரைப் பிடித்துத் தொங்கினான். நடுவில் அந்தக் கைக்கு என்ன ஆயிற்று சார்?

ஐம்பத்தொன்பதையும் உறை போட்டு வைத்திருக்கிறீர்கள். ஒருமுறை படித்தும் பார்க்கலாம்.

ஆனந்தவள்ளி

*

தென்னூர்
19 ஜூன் 2025

மதிப்பிற்குரிய மேடம்,

பதினான்காம் பக்கத்தில் கட்டு இருக்கிறது. எட்டு முறையாவது அந்தப் பக்கத்தைத் தாண்டியிருக்கிறேன். அச்சு, தாள், தையல் எல்லாம் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை.

அதோடு விட்டுவிட மனம் வரவில்லை. அட்டை ஓவியர் நஜிமுதீன் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்தேன். எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, மருமகனின் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார். பன்னிரண்டு வருடமாக நான் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியிருக்கிறேன்.

"சுறாவா? நான்தான் போட்டேன்" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த மாசம் எனக்கு நிக்காஹ். புலி வரையணும்னா வரி வரியா ஒரு வாரம் ஆகும். சுறான்னா தண்ணிக்கு நீலத்த அடிச்சுட்டு ஒரு துடுப்ப வச்சா முடிஞ்சுது. 'அண்ணே, அந்தக் கதைய முன்னாடி விடுங்க, புலிய அடுத்த மாசம் தரேன்'னு பிரஸ்காரர்கிட்ட கெஞ்சுனேன். விட்டாரு, எழுதுறவரும் அதுக்கேத்த மாதிரி புலியில மேஜரு கைக் காயத்தச் சேத்துட்டாரு. முதக் கட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம், உங்க மண்ணச்சநல்லூர், துறையூர் லைன் கடைக்குப் போச்சு. மறுநா காலையில பிரஸ் மாடியில தண்ணித் தொட்டி உடைஞ்சு மிச்சக் கட்டு பூரா கூழாப்போச்சு. திருப்பி அடிக்கல. அவரு அதைப் பத்திப் பேசினா எந்திரிச்சுப் போயிருவாரு."

சுறா அட்டைக்கு முதலில் போட்ட சிறிய வர்ண மாதிரியையும் பழைய ஃபைலில் இருந்து எடுத்துக் காட்டினார். நீலம் இன்னும் மங்கவில்லை.

ஆகவே, முப்பத்தோராம் இதழ் அச்சானது என்று ஏற்கிறேன். ஆனால் எனக்கு ஒரு விதி உண்டு. கண்ணால் காணாத பிரதியைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அந்த விதி இல்லாவிட்டால் ஆளுக்கொரு இதழைக் கனவு கண்டு வருவார்கள். அதனால் முந்நூறு பிரதிகளிலும் ஒரு திருத்தச் சீட்டு வைக்கிறேன்: 'முப்பத்தோராம் இதழ் அச்சாகியிருக்கக் கூடும்.' இது நியாயம் என்று நினைக்கிறேன்.

தைரியராஜ்

*

மண்ணச்சநல்லூர்
25 ஜூன் 2025

தைரியராஜ் சாருக்கு,

நான்கு தெரு நடந்ததற்கு நன்றி. சீட்டு வேண்டாம். சீட்டு உதிர்ந்துவிடும், அச்சடித்த பக்கம் நிற்கும். பதினான்கு பேர் முன்னால் சொன்னதை ஒரு துண்டுத்தாளில் 'கூடும்' என்று முடித்துவைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இவ்வளவு உறுதியாக எப்படிப் பேசுகிறீர்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் வகுப்பில் மாரியாயி என்று ஒரு பெண். அப்பா காலத்தில் எங்கள் மில்லில் மூட்டை தூக்கியவரின் மகள். மூன்றாம் பெஞ்சில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சுறாத் துறைமுகத்தை நான் வகுப்பிலேயே ஒரே மூச்சில் முடித்துவிட்டு அவளிடம் கொடுத்தேன். மறுநாள் பை சோதனை. அவள் பையில் டீச்சர் அதைக் கண்டுபிடித்தார். அட்டையைக் கிழித்து ஜன்னல் வழியாக எறிந்தார். "யாருது இது?" என்று கேட்டார்.

மாரியாயி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னுதுதான் டீச்சர்" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். முதலாளி வீட்டுப் பெண் என்று அவள் பயந்தாளா, சிநேகிதத்தில் சொன்னாளா, எனக்குத் தெரியாது. நான் எழுந்திருந்தால் எனக்கு ஒரு திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்தினார்கள். பதினாறு வயதில் மருங்காபுரிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள்.

கிழிந்த புத்தகத்தை அவள் பொறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. பிரதி எங்காவது இருந்தால் அங்கேதான் இருக்கும். முப்பத்தாறு வருடத்தில் மதுரை ரோட்டில் நூறு முறை போயிருப்பேன். அவள் ஊருக்குப் பிரியும் துவரங்குறிச்சியில் ஒருமுறை கூட இறங்கவில்லை.

நெல் ஏஜெண்டிடமும் பேங்க் மேனேஜரிடமும் நான் சத்தமாகப் பேசுவேன். அந்த ஒரு ஊரிடம் மட்டும் எனக்குப் பயம். மேஜர் இடும்பன் செய்யாத காரியத்தை நான் செய்திருக்கிறேன்.

ஆகவே, அந்தப் புத்தகத்தை நான் வேறொன்றோடு கலக்க வழியே இல்லை சார்.

ஆனந்தவள்ளி

*

தென்னூர்
30 ஜூன் 2025

ஆனந்தவள்ளி மேடம்,

உங்கள் கடிதத்தை ஜென்சியிடம் படித்துக் காட்டினேன். மன்னியுங்கள், நான் படித்ததைக் கேட்டு அபிப்பிராயம் சொல்ல வீட்டில் அவள் ஒருத்திதான். கேட்டுவிட்டு மூலையில் அடுக்கியிருந்த பிரதிகளைப் பார்த்தாள். பிறகு, "இந்த அம்மா சொல்றது சரின்னு உங்களுக்கே தெரியும். தெரிஞ்சே முந்நூறு புக்குல தப்ப வச்சுக் குடுக்கப்போறீங்களா?" என்றாள்.

மறுநாள் காலை ஸ்டீல் ஸ்கேலும் பிளேடும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு பக்கங்கள் கொண்ட தாளை முந்நூறு பிரதியிலும் வெட்டினேன். புத்தகத்தின் மூலை மடிந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. முதல் பிரதியை வெட்டக் கால் மணி நேரம் ஆனது. ஐம்பதாவதில் பழகிவிட்டது. ஜென்சி பசை தடவினாள். அச்சடித்து வாங்கிய புதுத்தாளை ஒட்டி, செங்கல் பாரம் வைத்து, நான்கு நாளாக எங்கள் வீட்டில் நடக்க இடமில்லை.

புதுப் பக்கத்தில் உள்ளது இது: 'எண் 31. சுறாத் துறைமுகம், 1989. அட்டை: நஜிமுதீன். ஆதாரம்: மண்ணச்சநல்லூர் ஆனந்தவள்ளியின் வாசிப்பு.' கூடும், இருக்கலாம் எதுவும் கிடையாது. நான் இன்னும் பிரதியைக் கண்ணால் பார்க்கவில்லை. விதி என்னுடையது, உடைக்கவும் எனக்கு உரிமை உண்டு.

அன்று பேசியது தவறு. விதம் மட்டுமல்ல, முழுவதும் தவறு. ஹாலுக்குப் பெயிண்ட் அடிப்பதால் ஜூலையில் கூட்டம் இல்லை. ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஸ்ரீரங்கத்தில் அதே பதினான்கு பேர் முன்னால் சொல்வேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். துவரங்குறிச்சியில் இறங்குங்கள். ஆனால் புத்தகத்துக்காகப் போகாதீர்கள். புத்தக வேலை முடிந்துவிட்டது.

தைரியராஜ்

*

மண்ணச்சநல்லூர்
14 ஜூலை 2025

அன்புள்ள தைரியராஜ் சார்,

சனிக்கிழமை இறங்கினேன்.

ஷேர் ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னதும், "மகளிர் குழுத் தலைவிங்களா?" என்று நேரே கடலைக்காட்டு வரப்பில் கொண்டுபோய் விட்டார். ஐந்தாறு பெண்களோடு களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நரைத்திருந்தாள், ஆனால் அந்த நேர்ப்பார்வை அப்படியே இருந்தது.

"யாரு, மில்லு வீட்டு ஆனந்தியா? வழி இப்பத்தான் தெரிஞ்சுச்சா?"

பஸ்ஸில் ஒத்திகை பார்த்துவைத்த ஒன்றும் வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வரப்பில் நின்றபடியே சொன்னேன். "அந்தப் புக்கு என்னோடதுன்னு நான் சொல்லல, மாரியாயி."

"எனக்குத் தெரியாதா? நானுந்தான் சொல்லல."

"உன் படிப்பு போச்சே."

போனால் போகிறது என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. "போச்சுதான்" என்றாள். "கணக்குல நான் உன்னவிடக் கூட. கோவம் இருந்துச்சு, ஆனந்தி. பத்து வருசம் இருந்துச்சு. உம் பேரச் சொல்லி வஞ்சுருக்கேன். அப்புறம் புள்ளைங்க, காடு, கடன்னு வேலை நெறையா வந்துருச்சு. கோவப்பட நேரம் இல்ல."

களைக்கொத்தியைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சோறு போட்டாள். நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது தகரப் பெட்டியைத் திறந்து அதை எடுத்து என் மடியில் வைத்தாள். அட்டை இல்லை. முதல் தாள் இல்லை. கடைசிப் பன்னிரண்டு பக்கங்களை மகள் குழந்தையாக இருந்தபோது கிழித்துவிட்டாளாம். மீதி அப்படியே இருக்கிறது. பாய்லர் அறை இருக்கிறது. வெந்த கை இருக்கிறது.

நான் அதற்காக வரவில்லை என்றேன். "தெரியுது. இருந்தாலும் பாரு" என்றாள்.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் மேஜர் வில்லனை மன்னித்துப் படகில் ஏற்றி அனுப்புகிறான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். மாரியாயி சிரித்தாள். "படகா? சுறா புடிச்சுட்டுப் போச்சு! பேரு என்ன, படகுத் துறைமுகமா? நீ வாத்தியாருக்குப் பயந்து ஓட்டமா படிச்ச. நான் அந்தப் பக்கம் கிழியிற வரைக்கும் வருசத்துக்கு நாலு தடவ படிச்சவ." நெடுநேரம் சண்டை போட்டோம். எனக்கு இன்னும் படகுதான். ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். ஒருவேளை மன்னிப்பு எனக்குத் தேவைப்பட்டதால் நானே படகைக் கொண்டுவந்து நிறுத்தினேனோ என்னவோ. இதையும் கூட்டத்தில் நீங்கள் சொல்லலாம், தடையில்லை.

விலைக்குத் தர மாட்டாள். கேட்கவும் கூடாது. ஆனால், "உங்க கூட்டத்துக்கு நானே கொண்டாரேன்" என்கிறாள். அன்று ஆடிப்பெருக்கு. என் மகளுக்கு இது தலை ஆடி. கொள்ளிடக் கரையில் தாலி பிரித்துக் கோர்க்கிறோம், நான் நகர முடியாது. அவள் தனியாக வருவாள். மரியாதையாக நடத்துங்கள் என்று சொல்லத் தேவையில்லை. நடத்தாவிட்டால் அவளே பார்த்துக்கொள்வாள்.

ஆனந்தவள்ளி

*

தென்னூர்
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஆனந்தவள்ளி மேடம்,

மகளுக்கு எங்கள் இருவருடைய வாழ்த்துகளும்.

ஞாயிறு காலை பத்தரைக்குக் கூட்டம். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபப் படித்துறையில் கூடிய ஜனத்தில் டவுன் பஸ் எதுவும் நகரவில்லை. மாரியாயி அம்மா பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மாறி, காவிரிப் பாலத்தில் பஸ் நின்றதும் குதித்து, மீதித் தூரத்தை நடந்தே வந்திருக்கிறார். பதினொன்றே காலுக்கு மாடிப்படியில் ஏறி வந்தவர், மூச்சு வாங்காமல், "இங்க மேஜர் இடும்பன் ஆளுங்க யாரு?" என்றார். எல்லாரும் எழுந்து நின்றோம்.

அவர் முன்னாலேயே சொன்னேன். ஜூன் மாதம் இதே இடத்தில் உங்களைப் பற்றி என்ன சொன்னேன், ஏன் அது அறியாமை, முந்நூறு பிரதியை ஏன் வெட்டினேன், எல்லாம். அன்று சிரித்தவர்களில் ஒருவர், "சார், நாங்களும்தான் சிரிச்சோம்" என்றார். "அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றேன். படகு விஷயத்தையும் மறைக்கவில்லை. நஜிமுதீன் பாய் வந்திருந்தார். அந்த அட்டையில்லாத புத்தகத்தின் மேல் தன் நீல மாதிரியை வைத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

படகு, சுறா என்ற இரண்டு முடிவுகளையும் என் பட்டியலின் அடுத்த பதிப்பில் எழுதுவேன். யார் சொன்னது எது என்று பெயரோடு எழுதுவேன்.

கூட்டம் முடிகிற நேரம் மாரியாயி அம்மா என்னிடம், "ஒண்ணு கேக்கணும். இதோட முடிச்சுட்டாரே, அந்த ஆளு ஏன் அப்புறம் எழுதல? செத்துட்டாரா?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முப்பத்தொன்றுதான் கடைசி என்று முப்பத்தாறு வருடமாக நினைத்திருக்கிறார். அதற்குப் பிறகு புத்தகக் கடை இருக்கிற தெருப்பக்கம் அவரை யார் போகவிட்டார்கள்?

"இன்னும் இருபத்தொம்பது இருக்குங்க" என்றேன்.

"இருபத்தொம்பதா?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். என் பட்டியல் நூல் வெளியீட்டுக்காக நான் மேஜையில் பரப்பியிருந்த வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். நான் அந்தப் புத்தகங்களை யாரிடமும் மொத்தமாகக் கொடுத்ததில்லை. உங்களுக்கே ஒன்று ஒன்றாகத்தான் தந்தேன்.

"எடுத்துட்டுப் போகப் பை இருக்கா?" என்று கேட்டார்.

ஜென்சி தன் துணிப்பையைக் காலி செய்தாள். முப்பத்திரண்டிலிருந்து அறுபது வரை நானே அடுக்கினேன். அவர் முப்பத்தொன்றை என் கையில் வைத்தார். "நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும். பத்திரம்." பஞ்சப்பூர் வரை நாங்கள் இருவரும் கூடவே போய் ஏற்றிவிட்டோம். பஸ் கிளம்புவதற்குள் முதல் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

அலமாரியில் பாதி காலி. நன்றாகத்தான் இருக்கிறது.

தைரியராஜ்

*

மண்ணச்சநல்லூர்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தைரியராஜ் சார்,

நன்றி என்று எழுதினால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், எனக்கும்தான். அதனால் ஒரு செய்தி மட்டும்.

நேற்று சாயங்காலம் மாரியாயிக்குப் போன் செய்தேன். ஊர் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை என்று எனக்குக் குறை. நான்கு முறை அடித்த பிறகு எடுத்தாள்.

"என்ன மாரியாயி, என் மேல கோவமா?"

"ஐய, வைடி போனை" என்றாள். "மேஜரு கெணத்துக்குள்ள ஒத்தக் கயித்துல தொங்கிட்டு இருக்கான். மேல நிக்கிறவன் கயித்த அறுக்குறான். அவன் வெளிய வரட்டும், அப்புறம் பேசுறேன்."

வைத்துவிட்டாள்.

ஆனந்தவள்ளி